பாடசாலைக்கு ஸ்பீக்கர் வாங்கிய கதை



போன வாரம் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு சகோதரர், மத்ரஸாவுக்கு மைக் செட் ஒன்று வாங்க வேண்டும், கண்டியில் எந்தக் கடை நல்லது என்று கேட்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு கடை சொன்னார்கள். நானும் பதில் எழுதத் தொடங்கினேன். அது நீண்டுகொண்டே போனது. கடைசியில் அழித்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர் எதுவும் சொல்லமாட்டேன். இன்பொக்ஸில் வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன்.

எங்கள் பாடசாலை கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. தரம் 1 முதல் 11 வரை, நானூறுக்குக் கொஞ்சம் கூட பிள்ளைகள். மைதானம் என்று சொல்வது ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் வீடுகளுமாக இருக்கும் ஒரு நீளத் துண்டு. காலைக் கூட்டத்துக்குப் பல வருடங்களாக ஒரு பழைய அஹூஜா அம்பிளிபயர் இருந்தது. டெல்லியில் 1940 முதல் இயங்கும் கம்பனி அது. நம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் அதான் சொல்லும் பெட்டியைப் பார்த்தால் பல இடங்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். எங்களுடையது ஒரு நாள் புகை விட்டது, நின்றது. தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டோம். அதற்குப் பிறகு அதிபர் தொண்டை கிழியக் கத்துவார், பின்வரிசைப் பிள்ளைகள் தங்கள் பாட்டில் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

2023இல் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தபோது, இனி முடியாது, புதிதாக ஒரு செட் எடுப்போம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் முடிவானது. அந்த நேரம் யாரிடமும் காசு இல்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனதும், அதோடு இறக்குமதிச் சாமான் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போனதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த வருடம் டொலர் கொஞ்சம் இறங்கியது, சாமான் விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் பெற்றோர் தந்தார்கள். சிலர் ஐயாயிரம், சிலர் இருநூறு. காலையில் இடியப்பம் அவித்து விற்கிற ஒரு தாய் ஐந்நூறு ரூபாத் தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தார். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் சேர்ந்தது. தமிழ்த் தினம், மீலாத் விழா என்று மேடை வேலையெல்லாம் நான்தான் பார்ப்பது என்பதால், வாங்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். அவனுக்கு அப்போது பதினாறு வயது. புளூடூத், யூஎஸ்பி எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இசைக்கருவிக் கடைக்குள் அபாயா போட்ட ஒரு பெண் நுழைந்தால் இரண்டு பக்கமும் ஆச்சரியம். கண்ணாடிக்கு உள்ளே கிட்டார், கீபோர்ட், ட்ரம் செட். நான் உள்ளே போனதைக் கண்ட நம்மவர் ஒருவர் பிறகு என் கணவரிடம், "டீச்சர் மியூசிக் படிக்கிறாவா?" என்று கேட்டிருக்கிறார். இசை கூடுமா கூடாதா என்ற வாதத்துக்கு நான் இப்போது வரவில்லை. ஆனால் அதே கடையின் மேல்தட்டில்தான் நம் பள்ளிவாசல் மினாராவில் கட்டும் ஹோர்ன் ஸ்பீக்கரும் இருக்கிறது. விகாரையில் பிரித் ஓதவும், கோயில் திருவிழாவுக்கும், தேவாலயத்துக் கொயருக்கும், நம் பயானுக்கும் சாமான் அதே கவுண்டரில்தான் எடுக்கிறார்கள். கண்டியில் எல்லாச் சமயமும் வரிசையில் நிற்கிற கடை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

விற்பனையாளர் இளம் பையன், மரியாதையானவன். "பாடசாலைக்கு ஒரு மைக் செட் வேணும்" என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவன் என் மகனைப் பார்த்து, "மல்லி, எந்த மொடல் பார்க்கிறீங்க?" என்றான். நான் "மைதானத்துக்குத்தான்" என்றேன். அவன் மகனிடம், "பட்ஜெட் எவ்வளவு மல்லி?" என்றான். காசு என் கைப்பையில் இருக்கிறது. பேசுவது நான். பதில் எல்லாம் மகனுக்குப் போகிறது. மகன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன்.

2019க்குப் பிறகு தெரியாத கடைக்குள் நுழையும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன இறுக்கம் இருக்கும். நம் பெண்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால் முதலில் இதுவும் உடுப்பைப் பார்த்துத்தான் என்று நினைத்துவிட்டேன். பிறகு எங்கள் வலயத்தில் படிப்பிக்கும் ஒரு சிங்கள டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். மகளுக்கு கீபோர்ட் எடுக்கப் போன இடத்தில், கேள்வி எல்லாம் அவரிடமிருந்து போக, பதில் எல்லாம் கணவருக்கே வந்ததாம். கணவர் பஸ் கண்டக்டர், கீபோர்டில் எத்தனை கட்டை என்றுகூடத் தெரியாத மனிதர். அவரோ சங்கீத ஆசிரியை!

பையன் காட்டியது ஆள் இடுப்பு உயரத்தில், சில்லுப் பூட்டிய ஒரு ஸ்பீக்கர். உள்ளேயே பெட்டரி, இரண்டு வயர்லெஸ் மைக், சுற்றிவர நிறம் மாறும் லைட். பெட்டியில் "10,000 வாட்ஸ்" என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒரு பாட்டைப் போட்டான். அந்தச் சின்னக் கடைக்குள் என் விலா எலும்பு அதிர்ந்தது. மகனின் கண் விரிந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் பிடித்தது. அப்பாடா, இனி அதிபர் கத்தத் தேவையில்லை என்று நினைத்தேன்.

நான் கேட்காதது நிறைய. மைக்கில் பேசிக் காட்டு என்று கேட்கவில்லை. கடைக்கு வெளியே வைத்துப் போட்டுக் காட்டு என்று கேட்கவில்லை. பத்தாயிரம் வாட்ஸ் என்றால் என்ன என்று கேட்கவில்லை. ஆசிரியர்களுக்கு "எனக்கு இது தெரியாது" என்று சொல்ல வராது. நாற்பது பேருக்கு முன்னால் நின்று பழகிய வியாதி அது. தலையை ஆட்டினேன், ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் எண்ணிக் கொடுத்தேன். பில்லில் "ஸ்பீக்கர் - 1" என்று எழுதித் தந்தான். அதையும் வாசிக்காமல் பையில் போட்டேன்.

போட்டி நாளில் பாட்டு நன்றாகத்தான் கேட்டது. பேச்சுத்தான் கேட்கவில்லை. சத்தம் இருக்கிறது, சொல் இல்லை. "டும் டும்" என்று ஏதோ வருகிறது, என்ன என்று விளங்கவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு இருபது அடி தள்ளிப் போனால் விட்டு விட்டு வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் கீ என்று கத்துகிறது. பகல் தாண்டும்போது பெட்டரியும் இறங்கத் தொடங்கியது.

நம் பாடசாலைகளில் பாத்திமா இல்லாத வகுப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தரம் 6இல் மட்டும் ஒன்பது பாத்திமா. ஓட்டத்தில் மூன்றாம் இடம் வந்த பிள்ளையின் பெயரை மைக்கில் சொன்னோம். பின்னால் இருந்தவர்களுக்கு "பாத்திமா" மட்டும்தான் கேட்டது, மீதி குழம்பிப்போனது. வேறொரு பாத்திமா எழும்பி ஓடி வந்தாள். பெயரின் பின்பாதியில் இரண்டு பேருக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்திருந்த அதிகாரி சான்றிதழை நீட்டிவிட்டார். பிள்ளை கையையும் நீட்டிவிட்டாள். அப்போது மைக்கில் இருந்த ஸேர், "இந்தப் பிள்ளை இல்ல, மற்றப் பிள்ளை" என்றார்.

அந்த ஒரு வசனம் மட்டும் மைதானம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

அவள் திரும்பி நடந்தாள். இடியப்பம் விற்கிற அந்தத் தாயின் மகள்தான் அவள். தாய் வேலிப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஸ்பீக்கரை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். பையன் அதே பாட்டைப் போட்டான். அதே மாதிரி அதிர்ந்தது. "பாருங்க மிஸ், நல்லா வேலை செய்யுதே" என்றான். உண்மைதான், வேலை செய்கிறது. அது கெட்டுப்போகவில்லை. எங்களுக்குச் சரிவரவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவனுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. அவன் சுவரைக் காட்டினான். விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி இருந்தது. தமிழில் இல்லை. ஒரு நிமிடம் அதுவும் உறைத்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்தான்.

எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்கும் கந்தூரிக்கும் ஹோர்ன் வாடகைக்குக் கொடுக்கிற ஒரு நானா இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சொன்னது: "ஏன் டீச்சர், ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துட்டு வாங்கியிருக்கலாமே?" இந்த யோசனை யாருக்குமே வரவில்லை. ஏ.ஆர். ரஹ்மானின் வாப்பா ஆர்.கே. சேகர் 1976இல் மௌத்தான பிறகு, அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சீவித்தது என்று எப்போதோ வாசித்திருந்தேன். பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். வாடகைக்கு எடுக்கலாம் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

நானா என்னை ஒரு பாஸிடம் அனுப்பினார். சிங்கள மனிதர், எழுபது வயதிருக்கும். ரிப்பேர் கடை மாதிரியும் இருக்கும், விற்கிற கடை மாதிரியும் இருக்கும். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. நான் போனதும் ஸ்டூலைத் துடைத்துத் தந்து, "எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார். என்ன வேணும் என்று கேட்கவில்லை, எவ்வளவு காசு என்று கேட்கவில்லை. எதுக்கு என்று கேட்டார்.

பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. பேசவா, பாடவா? எத்தனை பிள்ளைகள்? இருப்பார்களா, நிற்பார்களா? மைதானம் எத்தனை அடி? மேடை எந்தப் பக்கம்? கரண்ட் எங்கே இருந்து வரும்? பக்கத்து வீடு எவ்வளவு தூரம்? கடைசிக் கேள்விக்கு ஏன் என்றேன். "சத்தம் பிள்ளைகளுக்குத்தானே வேணும், பக்கத்து வீட்டு நோயாளிக்கு எதுக்கு?" என்றார். எனக்கு அந்த வெலிகம வழக்கு ஞாபகம் வந்தது. ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கி விஷயமாகத் தொடங்கி, 2007இல் உயர் நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்த வழக்கு. விற்கிறவர் இதை யோசிப்பதை அன்றுதான் கண்டேன்.

நான் ஸ்பீக்கர் கதையைச் சொன்னதும் அவர் அந்தக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அது வீட்டுப் பார்ட்டிக்கு நல்ல சாமான்" என்றார். பிறகு விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பிழை இருந்தால் திருத்துங்கள்.

பெட்டியில் போடும் அந்தப் பத்தாயிரம் வாட்ஸுக்கு ஒழுங்கான அளவுகோல் எதுவும் இல்லை. பிஎம்பிஓ என்று போடுவது கண் சிமிட்டும் நேரத்துக்கு வரக்கூடியதாகச் சொல்லும் ஒரு கற்பனை உச்சம். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் தொடர்ச்சியான வாட்ஸ். அதுகூட முழுக்கதை இல்லை. ஹோர்ன் ஒன்று சின்னக் கரண்டில் பெரிய சத்தம் தரும். பொக்ஸ் ஸ்பீக்கர் அப்படி இல்லை. இரண்டுக்கும் இருபது டெசிபெல் வித்தியாசம் இருந்தால், ஹோர்ன் ஒரு வாட்டில் செய்வதைப் பொக்ஸ் செய்ய நூறு வாட் வேண்டும். அதைவிட முக்கியம், பேச்சை விளங்கவைப்பது மெய்யெழுத்துகள். ச, த, ப, க எல்லாம் மெல்லிய, உயர்ந்த சத்தம். அந்தப் பார்ட்டி ஸ்பீக்கர் அடித்தொனியைத் தூக்கிக் கொடுக்கிறது. திறந்த வெளியில் உயிரெழுத்து மட்டும் போய்ச் சேரும், மெய்யெழுத்து வழியில் செத்துவிடும். இருபது வருடமாக உயிரும் மெய்யும் படிப்பிக்கிற எனக்கு இது அன்றுதான் விளங்கியது. பாத்திமா என்பது பழகிய பெயர் என்பதால் காது தானாக நிரப்பிக்கொள்கிறது. மிச்சப் பெயரை நிரப்ப முடியவில்லை.

"பழைய அம்ப் எங்கே?" என்று கேட்டார். ஸ்டோர் ரூமில் என்றேன். "எறியலையே? கொண்டு வாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாளில் காரணம் சொன்னார். யாரோ ஒரு விழாவுக்கு நாலு எட்டு ஓம் பொக்ஸை ஒன்றாகப் பக்கவாட்டில் கட்டியிருக்கிறார்கள். அப்படிக் கட்டினால் இரண்டு ஓம் ஆகிவிடும். அந்த அம்ப் தாங்குவது நாலு வரைதான். உள்ளே ட்ரான்ஸிஸ்டர் எரிந்துவிட்டது. பெட்டியில் பிழை இல்லை, கட்டின ஆளில் பிழை. (அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியும். அவர் இந்தப் பதிவையும் வாசிப்பார். பரவாயில்லை ஸேர்.) நீள வயர் இழுக்கிற இடத்துக்கு, ட்ரான்ஸ்ஃபோமர் வைத்த ஹோர்னை 100 வோல்ட் முனையில் கட்ட வேண்டுமாம். அந்த முனை அம்ப்பின் பின்பக்கத்தில் எப்போதும் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை பாடசாலைக்கே வந்தார். மைதானத்தை நடந்து அளந்தார். ஒரு பெரிய ஹோர்னை மேடையில் வைத்து அலறவிடாமல், இரண்டு சின்ன ஹோர்னை இரண்டு இடத்தில், பிள்ளைகளைப் பார்த்துச் சரித்துக் கட்டலாம் என்றார். கிட்டத்தில் இருந்து மெதுவாகப் பேசினால் போதும், தூரத்திலிருந்து கத்தத் தேவையில்லை. மைக் ஹோர்னுக்குப் பின்பக்கம் வர வேண்டும், முன்னால் வந்தால்தான் கீ என்று கத்தும். இரண்டு ஹோர்னையும் தற்காலிகமாகக் கட்டினார். காசு இன்னும் கொடுக்கவில்லை.

"இப்ப வாங்க முந்தி கேளுங்க. ஆனா பாட்டுப் போட்டுக் கேட்கக்கூடாது. உங்களுக்கு எது கேட்க வேணுமோ அதைக் கேளுங்க."

நான் தரம் 6 இடாப்பை எடுத்து வந்து மகன் கையில் கொடுத்தேன். இன்னொரு தாளில் அதே பெயர்களை எழுதிக்கொண்டு மைதானத்தின் கடைசி மூலைக்குப் போய் நின்றேன். ஒழுங்கு மாற்றி, தன் இஷ்டத்துக்கு வாசி என்று மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் வாசிக்க வாசிக்க நான் அடையாளம் போட்டேன். ஒன்பது பாத்திமாவும் தனித்தனியாக வந்தார்கள். ஒன்றும் மாறவில்லை. அந்த ஓர் எழுத்தும் கேட்டது.

மைக் விஷயத்திலும் ஒன்று. மேசைக்குள் இருந்து இரண்டு மைக்கை எடுத்து இரண்டு கையிலும் தந்தார். பார்க்க ஒரே மாதிரி, இரண்டிலும் ஷூர் என்று எழுதியிருந்தது. 1966 முதல் வருகிற எஸ்எம்58 என்ற மொடலாம், உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் ஒன்றாம். உண்மையானது ஏறக்குறைய முந்நூறு கிராம். "இது ஒரிஜினல், இது கொப்பி. பள்ளிக்கூடப் பேச்சுக்குக் கொப்பியும் ஓடும். ஆனா கொப்பியை ஒரிஜினல் எண்டு சொல்லி என்னால தர ஏலாது" என்றார். நான் இரண்டையும் வாங்கவில்லை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ரிப்பேருக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு, இரண்டு ஹோர்னுக்கு இருபத்தெட்டாயிரம், வயர், கம்பி, கிளாம்ப் எல்லாம் எட்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் நாற்பத்தாறாயிரம். கையில் மிஞ்சியிருந்தது பதினாலாயிரம். மீதி முப்பத்திரண்டாயிரத்தைக் கட்டாரில் இருக்கும் பழைய மாணவர் இரண்டு பேரும் நானுமாகப் போட்டோம். முதலிலேயே இந்த மனிதரிடம் போயிருந்தால் தொண்ணூற்றாறாயிரம் கையில் இருந்திருக்கும். அந்தக் கணக்கை நான் இன்னும் இரவில் போட்டுப் பார்ப்பதுண்டு.

இனி முதல் கடைக் கதை. மகன் போனில் தேடிப் பார்த்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம் என்றான். எடுத்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். கேட்டால் கடைக்காரர் பில் தந்தே ஆக வேண்டும். தரத்தைப் பற்றிப் பொய்யான வாக்குச் சொல்லி விற்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம். அதைவிடப் பழைய சட்டம் ஒன்றும் இருக்கிறது, 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இன்ன தேவைக்கு என்று நான் சொல்லி, கடைக்காரரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கு ஓரளவாவது பொருந்துகிற பொருளைத் தருவது அவர் கடமை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் குறித்த ஒரு வியாபாரப் பெயரைச் சொல்லி நானே கேட்டு வாங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். அதனால் "இந்த மொடல் தாங்க" என்று சொல்வதும், "இந்த வேலைக்கு ஒன்று தாங்க" என்று சொல்வதும் ஒன்றில்லை.

நான் தேவையைச் சொன்னேன்தான். மைதானம் என்று வாயால் சொன்னேன். பில்லில் இருந்ததோ "ஸ்பீக்கர் - 1". கடிதத்தை எழுதி, அனுப்ப முதல் ஒரு பிரதியைக் கடை முகாமையாளரிடம் கொடுத்தேன். அவர் என்னிடம்தான் பேசினார், மகனிடம் இல்லை. அது ஒரு முன்னேற்றம். முழுக்காசு தர முடியாது என்றார். இழுபறிக்குப் பிறகு இருபதாயிரம் ரூபாவுக்கு வயர் மைக் இரண்டும் ஸ்டாண்டும் தந்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன், கடிதத்தை அனுப்பவில்லை. அது சரியா பிழையா என்று இன்னும் தெரியாது. என் மகன் பிழை என்கிறான்.

பாஸ் தந்த பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் கேட்காமலே அவர் சிங்களத்தில் எழுதினது: பாடசாலை மைதானத்துக்கு, பேச்சுக்கு. ஒரு மாதத்துக்குள் சரிவராவிட்டால் ஹோர்ன் மாற்றித் தரப்படும்.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று கணக்குச் சொன்ன நாள்தான் எல்லாவற்றிலும் கஷ்டமான நாள். யாரும் ஏசவில்லை. அது இன்னும் கஷ்டம். கூட்டம் முடிய அந்த இடியப்பத் தாய் வந்து, "டீச்சர், காசு போனா போகட்டும். என்ட புள்ள அண்டைக்கு ராவு சாப்பிடல்ல, அதுதான் எனக்குக் கவல" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் கடை வைத்திருப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். அக்குறணை, மடவளை, கம்பளை என்று நம்மவர் வாழ்க்கையே வியாபாரம்தான். அதனால் இதையும் எழுதுகிறேன். இதெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் என் சொந்த நானாவின் புடவைக் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவுக்கு மேலே அதே போர்ட். அதே இரண்டு மொழி. நாற்பது வருடம் அந்தப் போர்ட்டுக்குக் கீழே போய் வந்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. அன்று தோட்டத்திலிருந்து ஒரு பெண் மகளுக்குச் சட்டை மாற்ற வந்திருந்தார். அளவு சின்னம். கடைப் பையன் அவரிடம் பேசவில்லை, கூட வந்த தம்பியிடம் பேசினான். பிறகு சுவரைக் காட்டினான்.

நானாவிடம் கேட்டேன். "அது வாப்பா காலத்து போர்ட், சும்மா ஈக்கிது" என்றார். நான் கியாரைப் பற்றிச் சொன்னேன். வாங்கிய பொருளில் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு நம் பிக்ஹ் கிதாபுகளில் தனிப் பாடமே இருக்கிறதே, மத்ரஸாவில் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே ஓதினோம் என்றேன். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவத்தை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "சட்ட கிழிஞ்சா ஈக்கி? அளவுதானே சின்னம், அது குறையா?" என்று கேட்டார். எனக்குப் பையன் ஞாபகம் வந்தது, பாருங்க மிஸ், நல்லா வேலை செய்யுதே. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குச் சட்டையை மாற்றிக் கொடுத்தார். போர்ட் இன்னும் இருக்கிறது. போன கிழமையும் பார்த்தேன்.

பார்ட்டி ஸ்பீக்கரை எறியவில்லை. தரம் 1 வகுப்பில் அபிநயப் பாட்டுக்குப் போடுகிறோம். மூடிய அறைக்குள் அருமையாகக் கேட்கிறது. சின்னதுகளுக்கு அந்த லைட் என்றால் உயிர்.

மத்ரஸாவுக்குக் கேட்ட சகோதரருக்கு: எந்தக் கடைக்குப் போனாலும் பிள்ளைகளின் பெயர் இடாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெளியில் வைத்து வாசிக்கச் சொல்லி, தள்ளி நின்று கேளுங்கள். எதுக்கு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முதல், மத்ரஸா ஸ்டோர் ரூமை ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய அம்ப் ஒன்று கிடக்கும்.